மூன்று டேட்டாபேஸும் ஒரு பெருசும்

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

திரையின் நடுவில், நீல நிறத்தில், மிகச் சின்ன வட்டம். அதை முறைத்துப் பார்த்தபடி முதலாளி மேடம் நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் போன். மறுமுனையில் ஓர் ஆஸ்பத்திரி, குறிப்பிட்ட ஒரு ஊசி மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தது.

"இதோ பாத்துட்டே இருக்கேன்" என்றார் மேடம் போனில். வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

கடைசியில் ஆஸ்பத்திரிக்காரர்கள் பொறுமை இழந்து வேறு கம்பெனியைக் கேட்டுக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். வைத்த மறுநொடி வட்டம் நின்றது. மருந்து இருந்தது. பெட்டி பெட்டியாக இருந்தது.

"டேபிளைக் கூப்பிடுங்க" என்றார் மேடம்.

மருந்து மொத்த வியாபாரம் செய்யும் அந்தக் கம்பெனியில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவருக்கு 'டேபிள்' என்று பெயர் விழுந்து பல காலம் ஆகிறது. டேட்டாபேஸில் விவரங்களை அடுக்கிவைக்கும் பட்டியலுக்கு டேபிள் என்று பெயர்; எதைப் பற்றிப் பேசினாலும் "அது எந்த டேபிள்ல இருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவரை மேஜை நாற்காலிப் பிரிவு என்று நினைத்து, ஆடுகிற நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவரும் முகம் கோணாமல் திருகாணியை முடுக்கி அனுப்புவார்.

டேபிள் வந்து நின்றார்.

"என்ன சார் இது? ஒரு ஊசி இருக்கா இல்லையான்னு கேட்டா, உங்க பெருசு தியானத்துல உக்காந்துடுது!"

பெருசு என்பது டேட்டாபேஸ். மூன்றாவது மாடியில் டேபிளின் நாற்காலிக்குப் பக்கத்து அறையில் முனகிக்கொண்டே ஓடும் பழைய மெஷினும், அதற்குள் இருக்கும் அத்தனை மருந்தும், அத்தனை வாடிக்கையாளரும் சேர்த்துப் பெருசு. கம்பெனி அளவுக்கே அதற்கும் வயது.

"பெருசு மேல தப்பில்ல மேடம். மருந்துப் பேரோட முதல் எழுத்தைக் குடுத்துத் தேடினா சட்டுன்னு சொல்லிடும். யாரோ பேரோட நடுவுல உள்ள எழுத்தைக் குடுத்துத் தேடியிருக்காங்க. அப்ப அது ஒவ்வொரு மருந்தையும் புரட்டிப் பாக்கணும்..."

தேடிய அந்த 'யாரோ' மேடம்தான்.

"பெருசை மாத்திடலாம்" என்றார் மேடம். "பெரிய கம்பெனிங்க எல்லாம் என்னென்ன டேட்டாபேஸ் வச்சிருக்காங்கன்னு விசாரிங்க. ஒப்பிட்டுப் பாருங்க. எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க. அதை வாங்கிடலாம்."

அன்று மாலை வீட்டில் டேபிள் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, சாப்பாடு நல்லா இல்லையா?" என்றாள் மனைவி.

"பெருசை மாத்தச் சொல்லிட்டாங்க."

"ஐயோ பாவம்" என்றாள் அவள். கல்யாணமான புதிதில் பெருசை அவள் சக்களத்தி மாதிரிதான் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குக் கிளம்பினால் போதும், அதற்கு ஏதாவது வந்துவிடும். நாளடைவில் பழகிவிட்டது. இப்போதெல்லாம் அவர் தாமதமாக வந்தால் "பெருசுக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று அவளே விசாரிப்பாள். "அதுக்கு என்ன கொறச்சலாம்?"

"வேகம் பத்தலையாம்."

"நீங்க கூடத்தான் வேகம் பத்தாது. நான் மாத்தினேனா?"

டேபிளுக்குச் சிரிப்பு வந்தது. சாப்பிட ஆரம்பித்தார்.

விசாரித்ததில் மூன்று டேட்டாபேஸ்கள் தேறின. மூன்றையும் விற்க மூன்று பேர் வந்தார்கள்.

முதல் ஆள் கோட்டு போட்டிருந்தார். "சார், உலகத்துல பாதி பேங்க்கு எங்ககிட்டதான். இடி விழுந்தாலும் ஒரு எழுத்து அழியாது. பாதி எழுதும்போது கரண்ட் போனாக்கூட, ஒண்ணு முழுசா எழுதியிருக்கும், இல்ல எழுதவே ஆரம்பிக்காத மாதிரி இருக்கும். அரைகுறைங்கற பேச்சே கெடையாது." விலையைக் கேட்டதும் மட்டும் குரலைத் தாழ்த்தி, மெஷினில் எத்தனை பிராசஸர் மூளை இருக்கிறதோ அத்தனைக்கும் தனித்தனி விலை என்றார்.

இரண்டாவது ஆள் அரைக்கைச் சட்டை. "உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாத்தோடவும் எங்களுது சொந்தக்காரங்க மாதிரிப் பழகிடும் சார். யாரும் புதுசா ஒண்ணும் கத்துக்க வேண்டாம்."

மூன்றாவது ஆள் டீ சர்ட். "எங்களுது இலவசம்" என்றார்.

"அப்ப நீங்க எதை விக்க வந்தீங்க?" என்றார் டேபிள்.

"இலவசமானதை எப்படிப் பயன்படுத்தணும்னு சொல்லித் தர்றதை."

டேபிள் மூவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டார். ஒரே நேரத்தில் இருநூறு பேர் ஒரே மருந்தின் கையிருப்பைத் திருத்தினால் என்ன ஆகும்? செத்துப் பிழைத்தால் எவ்வளவு நேரத்தில் எழுந்து உட்காரும்? பழைய விவரங்களை ஒன்று விடாமல் வாங்கிக்கொள்ளுமா? மூவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: எங்களுடையதுதான் உலகத்திலேயே சிறந்தது, மற்ற இரண்டைப் பற்றிக் குறை சொல்லும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது, ஆனாலும் சொல்கிறோம்.

குழம்பிப்போன டேபிள், "தினமும் பயன்படுத்தப்போறவங்களுக்கு நேர்ல காட்டுங்க. அவங்க சொல்லட்டும்" என்றார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு.

கோட்டுக்காரர் கணக்குப் பிரிவு முழுவதற்கும் தோள்பை கொடுத்தார். அரைக்கைச் சட்டை கிடங்கில் எல்லோருக்கும் குடை கொடுத்தார். டீ சர்ட் வேறென்ன கொடுப்பார், டீ சர்ட்தான். ஒரே வாரத்தில் கம்பெனி மூன்று கட்சியாகப் பிரிந்துபோனது.

"டேபிள் சார், அந்தத் தோள்பை டேட்டாபேஸ் ரொம்ப கௌரவமா இருக்கு. அதையே வாங்கிடுங்க" என்றார் கணக்குப் பிரிவுத் தலைவி. கம்பெனியில் எல்லோருக்கும் அவர் அக்கா. தன்னைவிட மூத்தவர்களுக்கும் அக்கா.

"அக்காவுக்கு என்ன தெரியும்? குடைக்காரன் டேட்டாபேஸ்தான் ஸ்ட்ராங்கு" என்றார் கிடங்கு மேனேஜர். அவர் ரகசியம் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். "காத்துல மடங்கவே இல்ல சார்!"

"எது, டேட்டாபேஸா?"

"குடை!"

விஷயம் மேடம் காதுக்குப் போனது. அவர் அழகாக ஒரு வழி கண்டுபிடித்தார். கம்பெனிப் பெயர் யாருக்கும் தெரியக் கூடாது. மூன்று பேரும் தங்கள் தங்கள் மெஷினைக் கொண்டுவந்து அடித்தளத்து அறையில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். மூன்றுக்கும் அ, ஆ, இ என்று பெயர். எது எதென்று மேடத்துக்கு மட்டும்தான் தெரியும். அறை பூட்டப்படும். கதவில் காகிதம் ஒட்டி மேடம் கையெழுத்துப் போடுவார்.

"நான்கூட உள்ள போகக் கூடாதா?" என்றார் டேபிள்.

"நீங்கதான் முக்கியமா போகக் கூடாது. பெருசு மேல உங்களுக்குப் பாசம். புதுசுங்க மேல சந்தேகம். நியாயமா இருக்கணும்ல?"

டேபிளும் நியாயமாகவே நடந்துகொண்டார். புதிய இடத்துக்குக் குப்பையோடு போகக் கூடாது என்று, பெருசில் காலாவதியாகிக் கிடந்த பழைய விவரங்களை எல்லாம் கழித்துக் கட்டினார். தேடலுக்கு உதவும் தேய்ந்துபோன இண்டெக்ஸ்களைப் புதுப்பித்தார். நடு எழுத்தைக் கொடுத்துத் தேடும் மேடத்துக்காகவே தனியாக ஒன்று கட்டினார். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் தகப்பன் மாதிரி, எல்லாவற்றையும் துடைத்து அடுக்கி, மூன்று புது மெஷின்களுக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்பிவைத்தார்.

முதல் வாரம் 'அ'வின் முறை. முதல் நாள் காலையில் எல்லோரும் அதற்கு மாறினார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மத்தியானம் எல்லாத் திரையிலும் ஒரே சமயத்தில் வட்டம் சுற்றத் தொடங்கியது.

"சார், லாரி நிக்குது!" கிடங்கு மேனேஜரின் குரல் போன் இல்லாமலேயே மூன்றாவது மாடிக்கு வந்தது.

"டேபிள் சார், பில் போட முடியலை!" இது அக்கா.

டேபிள் அடித்தளத்துக்கு ஓடினார். கதவில் மேடத்தின் கையெழுத்து. மேடம் வெளியூரில் இருந்தார். கையெழுத்தைக் கிழித்தால் போட்டியே செல்லாது என்று போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டேபிள் திரும்ப மேலே ஓடினார். வியர்த்து ஒழுக உட்கார்ந்து, அவசர அவசரமாகச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினார். அதற்கு 'வாட்ச்மேன்' என்று பெயர் வைத்தார். யார் எதைக் கேட்டாலும் வாட்ச்மேன் முதலில் புதுசிடம் கேட்கும். புதுசு பேசாவிட்டால், ஆர்ப்பாட்டம் இல்லாமல் பெருசிடம் கேட்டுப் பதில் வாங்கிக் கொடுத்துவிடும். வேலை நிற்காது.

வட்டங்கள் நின்றன. லாரி கிளம்பியது. அக்கா பில் போட்டார்.

"அ எழுந்துடுச்சு போலிருக்கு" என்றார் அக்கா. "கொஞ்சம் களைச்சுப்போச்சு, பாவம். புது இடம் இல்லையா?"

டேபிளுக்கும் அதுவே சரியென்று பட்டது. செத்துப் பிழைத்தால் எவ்வளவு நேரத்தில் எழுகிறது என்ற கேள்விக்கு எதிரே, 'பரவாயில்லை' என்று குறித்துக்கொண்டார்.

அடுத்தடுத்த வாரங்களில், வாட்ச்மேன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, ஆவும் இயும் வந்துபோயின. ஒரு தடங்கல் இல்லை. டேபிள் வேகத்தை அளந்து பார்த்தார். மூன்றும் ஒரே வேகம். மறுபடி அளந்தார். மறுபடியும் ஒரே வேகம். அளக்கிற முறையில்தான் கோளாறு என்று முறையை மாற்றி அளந்தார். மூன்றும் சேர்ந்தாற்போல் மாறி, மறுபடி ஒன்றாகவே நின்றன.

"மேடம், எண்களை வச்சுப் பாத்தா மூணுக்கும் வித்தியாசமே இல்ல" என்றார்.

"மூணு விலையில மூணு இருக்கு, வித்தியாசம் இல்லைன்னா எப்படி?" என்றார் மேடம். "எண்ணை விடுங்க. மனுஷங்களைக் கேளுங்க."

மனுஷர்களைக் கேட்டார். அது அவர் செய்த அடுத்த தப்பு.

"ஆ இருக்கே, அது பட்டு மாதிரி" என்றார் அக்கா. "தொட்டா வழுக்கிட்டுப் போகுது. அ அப்படி இல்ல. அதுல ஒரு அலட்டல் இருக்கு. இ வந்த வாரம் எனக்குக் கழுத்தே பிடிச்சுக்கிச்சு."

"ஆவா? அது சோம்பேறி சார்!" என்றார் கிடங்கு மேனேஜர். "என்டர் தட்டினா யோசிச்சுட்டு வருது. இ தான் ஆம்பளை. அடிச்சா அடுத்த நொடி! என் பசங்க இ வந்த வாரம் ஒருத்தரோட ஒருத்தர் சண்டைகூட போடலை."

"சத்தமா பேசறவங்களுக்கு எல்லாமே மெதுவாத்தான் தெரியும்" என்று அக்கா காற்றிடம் சொன்னார்.

"கழுத்து பிடிச்சதுக்குத் தலையணையைத் திட்டணும், டேட்டாபேஸை இல்ல" என்று மேனேஜர் கூரையிடம் சொன்னார்.

அன்றோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. பத்து வருஷமாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அவர்கள். அக்கா கொண்டுவரும் ஊறுகாயில் பாதி மேனேஜருக்குத்தான். இப்போது அக்கா ஜன்னல் ஓரம், மேனேஜர் கதவு ஓரம். நடுவில் டேபிள் தன் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் திரும்பினாலும் துரோகியாகிவிடுவோமோ என்று நேரே சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். கிடங்கிலிருந்து கணக்குக்குப் போக வேண்டிய செய்திகள்கூட அவர் வழியாகத்தான் போயின.

"டேபிள் சார், இருமல் மருந்து ரெண்டு பெட்டி உடைஞ்சு வந்திருக்குன்னு அக்காகிட்ட சொல்லுங்க."

"எனக்குக் காது கேக்குதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க டேபிள் சார்."

வீட்டில் அவர் புலம்பியபோது மனைவி சொன்னாள்: "அவங்கவங்களுக்குப் பிடிச்சதை அவங்கவங்களுக்குக் குடுத்துடுங்களேன்."

டேபிள் பதறினார். ஒரே கம்பெனிக்கு இரண்டு டேட்டாபேஸா? கிடங்கில் ஒன்று, கணக்கில் ஒன்று சொன்னால் ஆஸ்பத்திரிக்கு எதை அனுப்புவது? ஆனால் வேறு வழி தெரியவில்லை. கணக்குப் பிரிவுக்கு ஆ, கிடங்குக்கு இ என்று பிரித்துக் கொடுத்தார். இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளப் போகின்றன என்று வாரம் முழுவதும் சரியாகத் தூங்கவில்லை.

வாரக் கடைசியில் இரண்டின் கையிருப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு மாத்திரைகூட வித்தியாசம் இல்லை.

"இது எப்படி?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். இரண்டு வேறு வேறு கம்பெனிகள் வேறு வேறு மூலையில் உட்கார்ந்து செய்த டேட்டாபேஸ்கள். அண்ணன் தம்பிகூட இவ்வளவு ஒற்றுமையாக இருந்து அவர் பார்த்ததில்லை. தொழில் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று வியந்தார். தன் வயதும் கொஞ்சம் உறைத்தது. பெருசைப் பிடித்துக்கொண்டு தொங்கியது தன் பிடிவாதம்தானோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

இதற்கிடையில் பழைய ஆஸ்பத்திரி மறுபடி கூப்பிட்டது. மேடமே தட்டினார், வழக்கம்போல் நடு எழுத்தைக் கொடுத்து. விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது. அவ்வளவுதான், மேடம் முடிவுக்கு வந்துவிட்டார். அவருடைய கம்ப்யூட்டர் கணக்குப் பிரிவோடு சேர்ந்தது.

"ஆ தான்" என்றார். "இனிமே பேச்சில்ல. நாளைக்கே பெருசை நிறுத்திட்டு ஆவை நிரந்தரமாக்கிடுங்க."

"இன்னும் கொஞ்ச நாள் பெருசு கூட ஓடட்டுமே மேடம், ஒரு பாதுகாப்புக்கு..."

"சார்" என்று மேடம் மெதுவாகச் சொன்னார். "எங்கப்பா காலத்துல இருந்து நீங்களும் பெருசும் இந்தக் கம்பெனியைத் தாங்கியிருக்கீங்க. அது எனக்குத் தெரியும். பெருசுக்குத்தான் ஓய்வு குடுக்கறோம். உங்களுக்கில்ல."

டேபிள் தலையாட்டினார்.

மறுநாள் மூன்றாவது மாடியில் நல்ல கூட்டம். பெருசை இவ்வளவு பேர் பார்க்க வந்தது அதுவே முதல் தடவை. அக்கா வந்திருந்தார். கிடங்கு மேனேஜரும் வந்திருந்தார். தோற்ற கட்சி என்பதால் ஓரமாக நின்றார்.

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த டப்பாவை நீட்டினார். "இந்தாங்க. ரொம்ப நாளா உங்க பங்கு அப்படியே கிடக்கு."

"ஆ ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல அக்கா" என்றார் மேனேஜர், தன் வாழ்நாளிலேயே முதல் முறையாக மெல்லிய குரலில். "நான்தான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்."

"இ கூட நல்லாத்தான் இருந்துச்சு. கழுத்துக்கு அது காரணமா இருக்காது."

டேபிள் பெருசின் முன்னால் நின்றார். அதன் முதுகில் கையை வைத்தார். சூடாக இருந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், எத்தனை பாதி சினிமாக்கள். "போயிட்டு வா" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காதபடி. பொத்தானை அழுத்தினார். முனகல் மெல்ல மெல்ல இறங்கி அடங்கியது.

எல்லோரும் கை தட்டினார்கள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது பக்கத்து மேஜையில் போன் அடித்தது. அதை எடுப்பதற்குள் அடுத்த மேஜையில் அடித்தது. கீழ்த்தளத்திலிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "எல்லாம் நின்னுபோச்சு! எல்லாத் திரையிலயும் வட்டம் சுத்துது!"

மேடம் டேபிளைப் பார்த்தார். டேபிள் தன் விரலைப் பார்த்தார்.

"நான் பெருசைத்தான் நிறுத்தினேன். ஆ ஏன் நிக்குது?"

"என் ஆவுக்கு என்ன ஆச்சு?" என்றார் அக்கா.

"இ-க்கு மாத்துங்க சார், இ தாங்கும்!" என்றார் மேனேஜர், பழைய குரலில்.

மாற்றினார். வட்டம். அ-வுக்கு மாற்றினார். அங்கேயும் வட்டம்.

பெருசின் வயர்களைக் கழற்றி அதை வண்டியில் ஏற்றுவதற்காக, கட்டடத்து எலக்ட்ரீஷியன் ஸ்குரூ டிரைவரோடு வாசலில் காத்திருந்தார். நடப்பதையெல்லாம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அடித்தளத்து ரூம்ல வச்ச அந்த மூணு மெஷினைப் பத்தியா பேசிக்கறீங்க? அதுங்களால ஏசி ட்ரிப் ஆகுதுன்னு, ஓடவிட்ட முதல் நாள் மத்தியானமே வெளியில இருக்கற மெயின் ஸ்விட்சை நான் அணைச்சிட்டேனே மேடம்!"